பி.டி. பீரியடைக் கூட்டும் முன் பிள்ளையின் முழு நாளையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கல்குளம் வட்டத்தில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இந்தத் திறந்த மடலை எழுதுகிறேன். பிள்ளைகள் ஓடியாடுவதில்லை, எந்நேரமும் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கவலை எழும்போதெல்லாம் நம் மாவட்டத்தில் உடனே சொல்லப்படும் தீர்வு, வாரத்தில் இன்னொரு பி.டி. பீரியட் சேர்க்கலாம் என்பதுதான். அந்தப் பீரியடை நம்பியே பிழைத்தவள் நான். அது கூடினால் மகிழ்வேனே தவிர வருந்த மாட்டேன். ஆனால் பள்ளிக்குள் நாற்பது நிமிடத்தைக் கூட்டிவிட்டு, பள்ளிக்கு வெளியே இருந்த நடையையும் ஆட்டத்தையும் நீச்சலையும் நாமே பறித்துக்கொண்டிருந்தால், பிள்ளையின் கணக்கில் கடைசியில் மிஞ்சுவது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கடுமையான இயக்கம் இருக்க வேண்டும். 2010இல் வந்த முந்தைய வழிகாட்டுதல் ஒவ்வொரு நாளும் 60 நிமிடம் என்று கேட்டிருந்தது. அதுதான் பிறகு வாரச் சராசரியாக மாறியது. ஒரு நாள் குறைந்ததை மறுநாள் ஈடுகட்டலாம் என்பது இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்துக்கு மிகப் பொருந்தும். இந்த நேரம் பள்ளித் திடலில் மட்டுமே சேர வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பள்ளிக்கு வேகமாக நடந்து போவதும், சைக்கிள் மிதிப்பதும், மாலையில் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் மூன்று பள்ளிகளின் 7 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளின் இடுப்பில் அசைவை அளக்கும் சிறு கருவியைக் கட்டி ஒரு வாரம் முழுதும் கவனித்தார்கள். அந்த ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு பள்ளியில் வாரத்துக்கு 9 மணி நேரம் உடற்கல்வி இருந்தது. மற்ற இரண்டில் அது இரண்டு மணி நேரத்தையொட்டித்தான் இருந்தது. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது மூன்று பள்ளிப் பிள்ளைகளின் மொத்த அசைவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பள்ளியில் குறைவாக ஆடியவர்கள் பள்ளி விட்ட பிறகு அந்த அளவுக்கு ஆடித் தீர்த்திருந்தார்கள். பசிக்கு ஒரு அளவு இருப்பதைப் போல அசைவுக்கும் உடலுக்குள் ஒரு அளவு இருக்கிறது, உடல் அதைத் தானே சரிசெய்துகொள்கிறது என்ற கருத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தாமஸ் ரோலண்ட் 1998இலேயே முன்வைத்திருந்தார். பிளிமத் முடிவு அதற்கு வலுச் சேர்த்தது.

இதைப் பிடித்துக்கொண்டு உடற்கல்வியே வீண் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்கள் 2000இல் அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து வெளியான இன்னொரு ஆய்வையும் பார்க்க வேண்டும். அங்கே மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சில நாள்களில் இடைவேளை ஆட்டமும் உடற்கல்வியும் இல்லாமல் பள்ளியில் உட்கார வைத்தார்கள். அந்த மாலைகளில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்கவில்லை. பள்ளியில் ஆடிய நாள்களின் மாலையில் அவர்கள் எவ்வளவு ஓடியாடினார்களோ அதைவிடவும் குறைவாகவே அசைந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பிரிந்தே நிற்கின்றன.

இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் கருத்து. உடல் ஈடுகட்ட நினைத்தாலும் அதற்கு இடமும் நேரமும் துணையும் வேண்டும். பிளிமத் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு மாலைப்பொழுது இருந்தது. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த மாலை இருக்கிறதா என்பதுதான் நாம் முதலில் பார்க்க வேண்டியது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் நாளைச் சொல்கிறேன். இதில் எதையும் மிகைப்படுத்தவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோரின் நாள் இதுதான். விடியும் முன் எழுந்து முற்றம் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு டியூஷனுக்குப் போகிறாள். அங்கிருந்து வந்த சூட்டோடு வேன் வந்துவிடும். வேன் ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றுவதால், நடந்தால் அரை மணி நேரத்தில் போகக்கூடிய பள்ளிக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகிறாள். மதிய இடைவேளையில் சாப்பிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவி, வராந்தாவில் தோழிகளோடு நிற்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பி.டி. பீரியட் வந்தால் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு திடலின் நடுவுக்குப் போய்விடுவார்கள். இவள் மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டில் படம் வரைவாள். மாலையில் மறுபடி வேன், மறுபடி டியூஷன், வீடு வரும்போது இருட்டிவிடும். இவளுக்கு வாரத்தில் இன்னொரு பீரியட் கூடுதலாகக் கிடைத்தால், இன்னும் இரண்டு படம் வரைவாள்.

அந்தப் பீரியடுக்குள்ளும் சற்று எட்டிப் பாருங்கள். நாற்பது நிமிடம் என்பது அட்டவணையில் இருப்பது. மாடியிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, வருகைப்பதிவு முடிந்து, முடிவில் கை கால் கழுவி வகுப்புக்குத் திரும்பும் நேரத்தைக் கழித்தால் பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதியிலும் நாற்பது பேருக்கு ஒரு வாலிபால் என்றால் பன்னிரண்டு பேர் ஆட, மீதிப் பேர் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும் நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாயும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்க இடமுண்டு. வாங்கிய பந்துகள் கிழிந்தால் ஆடிட்டில் கேள்வி வருமே என்ற அச்சத்தில் பீரோவுக்குள்ளேயே புதுசாக இருந்த பள்ளிகளை நான் அறிவேன். விளையாட்டுப் பொருள் தேய்ந்து போவது குற்றமல்ல, தேயாமல் இருப்பதற்குத்தான் விளக்கம் கேட்கப்படும் என்று கல்வி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், செலவே இல்லாமல் பிள்ளைகளின் அசைவு கூடும்.

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இந்தப் பீரியடே கிடையாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அட்டவணையில் இருக்கும், கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ எடுத்துக்கொள்வார். இதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, நிறுத்தச் சொல்வதைத் தவிர.

இனி நான் முக்கியமாகக் கருதுவது பள்ளிக்குப் போகும் வழி. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 18.7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கின்றன. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தொலைவில் ஏதாவது ஒரு பள்ளி இருக்கிறது. இவ்வளவு நல்ல வாய்ப்பு மற்ற மாவட்டங்களுக்கு எளிதில் வாய்க்காது. ஆயினும் பிள்ளைகள் நடப்பதில்லை. இரண்டு பக்கமும் மதில், நடுவில் குறுகிய ரோடு, ஒதுங்க ஒரு அடி மண் கிடையாது. அதில் கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் வருகின்றன. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் எத்தனை வீடுகளில் மாடிப்படியின் கீழ் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சைக்கிளைத் தந்துவிட்டு, அதை ஓட்டுவதற்கான ரோட்டைத் தராமல் இருந்திருக்கிறோம். மகளை அந்த ரோட்டில் அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆட்சித் தலைவர் அவர்களிடம் இதற்காக நான் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக லாரிகள் பள்ளிச் சாலைகளில் ஓடாதபடி பார்த்துக்கொள்வது. அது அறிவிப்போடு நில்லாமல், சாலையில் காவலர் ஒருவர் நின்று தடுப்பதாக இருக்க வேண்டும். இரண்டாவது, நம் சானல்கரைகள். அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனார் சானல், தோவாளைச் சானல் என்று பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாய்கள் ஊர்களுக்குள்ளேயும் பள்ளிகளுக்குப் பின்புறமாகவும் ஓடுகின்றன. அவற்றின் கரைகள் பெரும்பாலும் சமதளமானவை, பல இடங்களில் மரநிழல் உள்ளவை, லாரிகள் ஏற முடியாதவை. இன்று அவை குப்பை கொட்டும் இடமாகவும், மாலைக்குப் பிறகு குடிகாரர்கள் கூடும் இடமாகவும் ஆகிவிட்டன. நீர்வளத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து, பள்ளிகளை இணைக்கும் துண்டுகளை மட்டுமாவது சீர்படுத்தி, தண்ணீர்ப் பக்கம் கைப்பிடிக் கம்பி போட்டு, இரண்டு விளக்கு வைத்தால், அவை பிள்ளைகள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற வழிகளாகும். பீரியடைக் கூட்டுவதைவிட இதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் இந்த வழியில் போகும் பிள்ளை வாரத்தில் ஐந்து நாளும், போகவும் வரவும், யாருடைய விசிலுக்கும் காத்திராமல் தன் பங்கு அசைவைச் சேர்த்துக்கொள்கிறது.

வேனில் வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. பள்ளி வாசலில் வேன்கள் முட்டிமோதி நிற்பதற்குப் பதிலாக, அரைக் கிலோமீட்டர் முன்பே ஒரு கோயில் வளாகத்திலோ பஸ் நிறுத்தத்தின் அருகிலோ பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஓர் ஆசிரியர் துணையோடு கூட்டமாக நடந்து வரச் செய்யலாம். பள்ளி வாசலின் நெரிசலும் அதனால் குறையும்.

அடுத்தது மாலை நேரம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி என்றால் விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊர்களில் காலி மனையெல்லாம் வீடாகிவிட்ட நிலையில் அந்தத் திடல்களே மிச்சமிருக்கும் திறந்த வெளி. அவற்றையும் மாலை மணி அடித்ததும் பூட்டிவிடுகிறோம். சேதம் ஆகும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுவது நியாயமே. அந்தப் பொறுப்பைத் தலைமையாசிரியரின் தலையில் மட்டும் கட்டாமல், உள்ளாட்சியும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஏற்று, மாலை ஆறரை வரையிலும் சனிக்கிழமைகளிலும் திடலைத் திறந்து வைக்க ஆட்சித் தலைவரின் எழுத்துப்பூர்வமான ஆணை ஒன்று போதும். வகுப்பறைகளைப் பூட்டிக்கொள்ளட்டும், கழிப்பறையை மட்டும் பூட்ட வேண்டாம். கழிப்பறை இல்லாத திடலுக்குப் பெண்பிள்ளைகள் வர மாட்டார்கள்.

கடற்கரை ஊர்களின் நிலைமை வேறு. தூத்தூரில் தொடங்கிக் குளச்சல், முட்டம் வரை கால்பந்து வெறி கொண்ட ஊர்கள் அவை. கோயில் மைதானத்திலும் மணலிலும் ஆடியே வளர்ந்தவர்கள் அவ்வூர்ப் பையன்கள். அவர்களுக்கு யாரும் உடற்பயிற்சியைப் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்குக் கடலோரத்தில் பல ஊர்களில் கடலரிப்பு மணலைத் தின்றுவிட்டது. மணல் இருந்த இடத்தில் இப்போது தடுப்புச் சுவரின் கற்கள் அடுக்கியிருக்கின்றன. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவுகளுக்கான திட்ட அறிக்கைகளில் வீடுகளையும் வள்ளங்களையும் கணக்கெடுக்கிறார்கள். பிள்ளைகளின் ஆடுகளம் போனதை யாரும் எழுதுவதில்லை. அதே ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு அந்த மணல் இருந்தபோதும் இடமிருந்ததில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிய ஒரு புள்ளிவிவரம் எனக்கு நீண்ட நாளாக உறுத்தல். 146 நாடுகளின் 11 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, 2016 நிலவரப்படி உலகில் 81 சதவீதத்தினர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என்று கண்டது. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். இந்தியாவின் நிலை உலகச் சராசரியைவிடச் சற்று நன்றாகவே இருந்தது. அதற்கு ஆய்வாளர்கள் ஊகித்த காரணம், பையன்களுக்குக் கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலை. துடைப்பமும் குடமும் தந்த முன்னேற்றத்தை நாம் சாதனையாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அது அசைவுதான், ஆனால் விருப்பமில்லாத, ஒரே மாதிரியான, துணையில்லாத அசைவு. ரப்பர் வெட்டு நடக்கும் குலசேகரம், அருமனைப் பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் அப்பாவோடு பால் எடுக்கப் போய்விட்டு வரும் பையனுக்கும் இது பொருந்தும். அவன் முதல் பீரியடில் தூங்கினால் சோம்பேறி என்று சொல்லித் திடலைச் சுற்றி ஓடவிடுகிறோம். அவனுக்கு அன்று தேவை ஓய்வு. தோவாளையில் பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைக்கோ நேர் எதிர். அது வீட்டிலும் உட்கார்ந்த வேலை, பள்ளியிலும் உட்கார்ந்த வேலை. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணி பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து மலையிறங்கிப் படகேறி வரும் பிள்ளைக்கு நாம் கூட்டுவதற்கு எதுவுமில்லை. ஒரே அட்டவணையை மாவட்டம் முழுவதற்கும் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம்.

ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கத்தை இத்தோடு விட்டுவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தண்டனையாகப் பழகியதை எந்தப் பிள்ளை விருப்பத்தோடு செய்யும்?

பள்ளி அணியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து மற்றவர்களின் நிலையை மதிப்பிடுவதும் தவறு. குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் தேர்வாகும் பதினைந்து இருபது பேரை வைத்துத்தான் உடற்கல்வி ஆசிரியரின் உழைப்பு அளக்கப்படுகிறது. ஆகவே அவருடைய நேரமெல்லாம் அவர்களுக்கே போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகளிடமும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுப்பவனை, களைத்திருப்பான் என்று அப்பா பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்; இடைவேளையில் அவன் எழுந்திருப்பதில்லை; ஞாயிற்றுக்கிழமை முழுதும் கட்டிலில் கிடக்கிறான். பயிற்சியால் கூடியதில் ஒரு பகுதியை மீதி நாளில் உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவனுக்கு அதனால் குறையில்லை. அணியில் இல்லாத மற்றவர்களுக்குத்தான் எதுவும் மிஞ்சுவதில்லை. பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்களை வாரத்தில் சில நாள் மட்டும் என்ற கணக்கில் வைத்துக்கொண்டு இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மழையைக் காரணம் காட்டுவதற்கும் நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையோடு பள்ளி திறக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழை வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் திடல் சேறாகி, உடற்கல்வி வகுப்பறைக்குள் முடங்குகிறது. அடிமுறையும் சிலம்பமும் இந்த மண்ணின் தற்காப்புக் கலைகள். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இன்றும் ஆசான்மார் சொல்லித் தருகிறார்கள். அடிமுறையின் ஒற்றைச் சுவடுகளைப் பயில ஒரு முற்றத்தளவு இடம் போதும். வராந்தாவிலும் உணவுக்கூடத்திலும் செய்யலாம். தாழ்ந்து அமர்ந்து எழுவதும், காலைத் தூக்கி வீசுவதும், திரும்பிக் குதிப்பதும் எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் இயக்கம் என்பதை உடற்கல்வி படித்த எவரும் ஒப்புக்கொள்வர். பூப்பெய்தும் பருவத்தை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் கனம் பெறுகிறது; சரியாக அந்த வயதில்தான் நாம் பெண்பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பி வைக்கிறோம். ஆசான்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து, பள்ளிக்கு ஒருவராக, மழை மாதங்களுக்காவது அழைத்துப் பாருங்கள்.

குளங்களைப் பற்றியும் ஒரு சொல். நீச்சல் நம் பிள்ளைகளின் பழைய அன்றாடம். தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடி, சாக்கடை கலந்து, இன்று எந்தத் தாயும் பிள்ளையைக் குளத்தில் இறங்க விடுவதில்லை. நீந்தத் தெரியாத பிள்ளை விடுமுறையில் ஆற்றிலும் அருவியிலும் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஒன்றியத்துக்கு ஒரு குளத்தையாவது படித்துறையோடு சுத்தம் செய்து, கடலோர இளைஞர்களைப் பயிற்றுநர்களாக வைத்து, மே மாதத்தில் நீச்சல் கற்பிக்க முடியும்.

இவற்றில் எதை எங்கே முதலில் செய்வது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதற்கு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். புதிய கல்வியாண்டின் பாட அட்டவணையை இறுதி செய்யும் முன், ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பள்ளி நாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எப்போது எழுந்தாய், எப்படிப் பள்ளிக்கு வந்தாய், இடைவேளையில் என்ன செய்தாய், மாலையில் எங்கே இருந்தாய், வீட்டில் என்ன வேலை செய்தாய், எப்போது தூங்கினாய் என்ற ஆறு கேள்விகள் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வகுப்பாசிரியர் ஒரு பீரியடில் வாங்கிவிடலாம். பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பது மட்டும் போதும். அந்தத் தாள்களை வட்டவாரியாகப் பிரித்துப் பார்த்தால், எந்தப் பள்ளிக்கு வழி வேண்டும், எந்தப் பள்ளிக்குத் திடல் வேண்டும், எந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். படிவத்தைத் தயாரிக்கவும், வந்த தாள்களைப் பிரித்துத் தொகுக்கவும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில் வர வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
கல்குளம் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.